துண்டுக்குள் பேசிய விலை

ஏழாம் வகுப்புக் குடிமையியலில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தேர்தலும் அரசியல் கட்சிகளும் பற்றிய பாடம் வருகிறது. பல ஆண்டுகள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே நடத்தி வந்தேன். ஊடகம் என்றால் அச்சு ஊடகம், மின்னணு ஊடகம் என வகைப்பாடு. தேர்தல் என்றால் நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் என வகைப்பாடு. மாணவர்களும் எழுதினார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். இரண்டும் ஒரே பாடம்தான் என்று எனக்குப் புரிந்தது 2019இல் நான் செய்த ஒரு தவறினால்.

அந்த ஆண்டு மக்களவைத் தேர்தல். எங்கள் மேச்சேரி சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், நாங்கள் மேட்டூர் சட்டமன்றத் தொகுதி என்பதால் தருமபுரி மக்களவைத் தொகுதிக்குத்தான் வாக்களிப்போம். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. எனக்கும் தேர்தல் பணி ஆணை வந்திருந்தது. வகுப்பாசிரியர் என்ற முறையில் பெற்றோர்களை இணைத்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். அப்போது நண்பர் ஒருவர் ஒரு செய்தியை அனுப்பினார். வாக்களிக்காதவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து 350 ரூபாய் பிடித்தம் செய்யப்படும், கணக்கு இல்லாதவர்களிடம் செல்பேசிக்குப் பணம் போடும்போது பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது. நான் இரண்டாவது முறை படிக்கவில்லை. எல்லாரும் ஓட்டுப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் பெற்றோர் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன்.

தேர்தல் முடிந்து, கோடை விடுமுறையும் முடிந்து, ஜூன் மாதம் ஒரு மாணவியின் தாய் பள்ளிக்கு வந்தார். அவர் செங்கல் சூளை வேலைக்கு வெளி மாவட்டம் போகிறவர். வாக்குப்பதிவு அன்று ஊருக்கு வர முடியாது என்று அவருக்கு முன்பே தெரியும். என் செய்தியை மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். நூறு நாள் வேலைக் கூலி சேர்ந்திருந்த கணக்கிலிருந்து 3,800 ரூபாயையும் எடுத்து வீட்டில் அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். மகளின் கம்மலை அடகிலிருந்து மீட்க வைத்திருந்த பணம் அது. கணவர் எடுத்துச் செலவழித்துவிட்டார். கம்மல் ஏலத்துக்குப் போய்விட்டது.

அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. வேறொரு சான்றிதழ் வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். "பணத்தைப் புடிச்சாங்களா சார், நீங்க சொன்னீங்களே, யாருக்காச்சும் புடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியில் அப்போதும் இருந்தது. பிடிக்கவில்லையம்மா, அது பொய்ச் செய்தி, நான்தான் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். "அப்படீங்களா சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் அந்தச் செய்தியின் வேரைத் தேடினேன். 2019 ஹோலிப் பண்டிகைக்காக வடநாட்டு இந்தி நாளிதழ் ஒன்று வேடிக்கைக்காக எழுதிய கற்பனைச் செய்திகளில் அதுவும் ஒன்று. அந்தப் பக்கத்திலிருந்து அதை மட்டும் யாரோ வெட்டி எடுத்து அனுப்ப, நகைச்சுவை உண்மையாகிவிட்டது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. 2021இல் மறுபடியும் சுற்றியது. தேர்தல் ஆணையம் காவல்துறையில் புகார் செய்தது. 2024 ஏப்ரலில் மீண்டும் சுற்றியது; மீண்டும் பொய் என்று ஆணையம் அறிவித்தது. அந்த நாளிதழுக்கும் மேச்சேரிக்கும் இடையில் எத்தனை கைகள் இருந்தனவோ தெரியாது. கடைசிக் கை என்னுடையது.

2024 தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்கினேன். ஆறு பாடவேளைகள் என்று திட்டமிட்டேன், ஒன்பது ஆயின. என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன். சட்டமன்றத்தின் பதவிக்காலம் 2026 மே மாதத்தில் முடிகிறது. தேர்தல் நேரத்தில் உங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்விகள் வரும்.

தேநீர்க் கடைத் தாள்கள்

முதல் வேலை பழைய செய்தித்தாள் சேகரிப்பது. தேநீர்க் கடை, சலூன், வீடு என்று எங்கெங்கோ கேட்டு ஒரு வாரத் தாள்களைக் கொண்டு வந்தார்கள். பாதித் தாளில் எண்ணெய்க் கறை. வடை மடித்துக் கொடுத்த தாளை ஒரு மாணவன் நீவி எடுத்து வந்திருந்தான். குழுவுக்கு மூன்று வண்ணப் பென்சில்கள். செய்தி என்றால் பச்சை, விளம்பரம் என்றால் சிவப்பு, ஒருவரின் கருத்து என்றால் நீலம். கட்டம் கட்டி வண்ணம் அடிக்க வேண்டும். இவ்வளவுதான் பணி.

பத்து நிமிடத்தில் சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் முழுக்க ஒரு கல்வி நிறுவனத்தைப் பற்றி. படம் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, 'நமது நிருபர்' பாணியில் எழுத்தும் இருக்கிறது. பச்சை என்றது ஒரு குழு. சிவப்பு என்றது இன்னொன்று. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மேல் மூலையில் எறும்பளவு எழுத்தில் 'விளம்பரச் சிறப்புப் பக்கம்' என்று இருந்தது. அதற்குப் பிறகு எல்லாக் குழுக்களும் மூலைகளைத் தேட ஆரம்பித்தன. சில பக்கங்களில் அந்த எறும்பும் இல்லை. அவற்றுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. அவற்றை வண்ணமில்லாமலே விட்டோம். அந்த வெள்ளைக் கட்டங்கள்தான் பிறகு எங்களுக்குப் பாடமாயின.

இடையில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தி, வரிக்கு வரி ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. பார்த்தால், எங்கள் பள்ளி ஆண்டு விழாச் செய்தி. அதை எழுதி இரு செய்தியாளர்களுக்கும் அனுப்பியதே நான்தான். "அப்ப நீங்களும் காசு குடுத்தீங்களா சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். சிரித்துவிட்டேன். ஆனால் நல்ல கேள்வி. ஒரே வாசகம் என்பதாலேயே அது விலைக்கு வாங்கிய செய்தி ஆகிவிடாது. அரசு அலுவலகங்களும் கட்சிகளும் நிறுவனங்களும் செய்திக்குறிப்பு அனுப்புவது வழக்கம். ஒரே வாசகம் நம்மைச் சந்தேகப்பட வைக்கும், தீர்ப்பு சொல்லாது. விடைத்தாள் திருத்தும் நமக்கு இது தெரியும். இரண்டு தாளில் ஒரே பிழை இருந்தால் கூப்பிட்டு விசாரிப்போம், உடனே பூஜ்ஜியம் போடமாட்டோம்.

இதற்கு முந்தைய முறை இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன். எல்லாப் பத்திரிகையும் பொய், எல்லாத் தொலைக்காட்சியும் விலை போனது என்று மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் நம் பாடம் தோற்றது என்றே பொருள். எதையும் நம்பாதவனும் எல்லாவற்றையும் நம்புகிறவனும் கடைசியில் வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாற்பத்தேழு பக்கங்கள்

அடுத்த பாடவேளையில் ஓர் உண்மை நிகழ்வைச் சொன்னேன். 2009 அக்டோபரில் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். அப்போதைய முதலமைச்சர் அசோக் சவான் நாந்தேடு மாவட்டத்தின் போகர் தொகுதியில் போட்டியிட்டார். தேர்தல் நேரத்தில் பெரிய மராத்தி நாளிதழ்களில் அவரையும் அவரது ஆட்சியையும் புகழ்ந்து பக்கம் பக்கமாக வந்தது. சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தப் பக்கங்களைச் சேகரித்து 2009 நவம்பரில் 'தி இந்து' நாளிதழில் எழுதினார். முதலில் அவர்கள் கையில் கிடைத்தவை மட்டும் 47 பக்கங்கள். ஒன்றோடொன்று போட்டியிடும் நாளிதழ்களில் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வந்திருந்தது. விளம்பரம் என்ற சொல் இல்லை. வேட்பாளர் கொடுத்த தேர்தல் செலவுக் கணக்கிலோ நாளிதழ் விளம்பரத்துக்கு 5,379 ரூபாய், கேபிள் தொலைக்காட்சிக்கு 6,000 ரூபாய் என்று இருந்தது.

"எந்தக் கட்சி சார்?" என்று கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன். கட்சி பெயரைச் சொன்ன நொடியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, கணக்கு மறந்து போகும்.

கணக்கைத்தான் போட வைத்தேன். கையிலிருந்த நாளிதழின் அச்சுப் பரப்பை அளவுகோலால் அளந்தார்கள்: ஏறக்குறைய 52 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். 1,716 சதுர செ.மீ. நாளிதழ் விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் கட்டணம். எங்கள் வசதிக்கு, உண்மையான விலை அல்ல என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பக்கத்துக்கு 1,71,600 ரூபாய். 47 பக்கத்துக்கு 80,65,200 ரூபாய். அந்தத் தேர்தலில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கலாம் என்று இருந்த உச்சவரம்பு 10 லட்சம். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. கணக்கு ஆசிரியர் பிறகு இந்தப் பயிற்சியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தாத்தா ஆட்டுத் தரகர். மேச்சேரி ஆடு என்ற செம்மறி இனத்துக்கே எங்கள் ஊர்ப் பெயர்தான். பொட்டனேரியில் அதற்கென ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. சந்தையில் விலை பேசும்போது தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. "இதும் அப்பிடித்தானுங்க சார். துண்டுக்குள்ள பேசி முடிச்சுட்டாங்க. நாம வெளிய நின்னு ஆட்டை மட்டும் பாக்கறோம்" என்றான்.

நான் தயாரித்துப் போயிருந்த விளக்கத்தை அப்படியே மூடி வைத்தேன். பிரஸ் கவுன்சில் சொல்லும் வரையறையின் சாரம் இதுதான்: பணமாகவோ பொருளாகவோ விலை பெற்றுக்கொண்டு, செய்தி என்ற பெயரில் வெளியிடப்படுவது. 'காசுக்குச் செய்தி' என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன். எங்கள் வகுப்பில் அன்று முதல் அதற்குப் பெயர் துண்டுச் செய்தி.

ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் துண்டு போட்டுப் பேசினாலும் ஆடு வாங்குகிறவர் தன் காசைக் கொடுக்கிறார், அதில் யாருக்கு நஷ்டம். பத்திரிகையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், இன்னொருவரும் நமக்குத் தெரியாமல் அதற்கே காசு கொடுக்கிறார், அப்படியானால் ஒரே ஆட்டை இரண்டு பேருக்கு விற்ற மாதிரி ஆகாதா என்று கேட்டாள். நான் அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை.

யார் கேட்பது?

இது பாடத்தின் கடினமான பகுதி. தவறு நடந்தது, உடனே தண்டனை கிடைத்தது என்று கதை முடிந்தால் மாணவர்களுக்குப் பிடிக்கும். நிஜம் அப்படி முடியவில்லை. முடியாததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சவான் மீது, அதே தொகுதியில் அவரை எதிர்த்துத் தோற்றவர் ஆணையத்திடம் புகார் கொடுத்தார். செலவுக் கணக்கு உண்மையா என்று விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்டு என்று 2014 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. ஆணையம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. ஆக, அவர் மீது குற்றம் உறுதியாகவில்லை. இதை வகுப்பில் இரண்டு முறை சொன்னேன்.

இன்னொரு வழக்கு வேறு விதமாக முடிந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007இல் வென்றவர் உம்லேஷ் யாதவ். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரண்டு இந்தி நாளிதழ்களில் அவருக்கு ஆதரவாகச் செய்தி போன்ற விளம்பரம் வந்தது. தோற்ற வேட்பாளர் பிரஸ் கவுன்சிலுக்குப் போனார். 2010இல் அந்த நாளிதழ்கள் செய்தது நெறிமீறல் என்று கவுன்சில் சொன்னது. அந்தச் செலவில் 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்று கூறி, 2011 அக்டோபர் 20 அன்று தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. காசுக்குச் செய்தி தொடர்பில் பதவியில் இருக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவி இழந்தது அதுவே முதல் முறை.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. இருபத்தோராயிரத்துக்குப் பதவி போகிறது, நாற்பத்தேழு பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே ஏன்? நீதிமன்றத்துக்குத் தேவை சான்று என்றேன். துண்டுக்குள் பேசிய விலைக்கு ரசீது இருக்காது. பிசௌலி வழக்கில் விலை வெளியே தெரிந்தது. அவர்களுக்கு முழுத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் இல்லை.

பத்திரிகைகளுக்கு என்ன ஆனது என்று அடுத்த கேள்வி. பிரஸ் கவுன்சில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. அதன் வரம்பு அச்சு ஊடகத்தோடு சரி. தொலைக்காட்சி அதில் வராது. செய்தித் தொலைக்காட்சிகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட அமைப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேராத நிறுவனத்தை அது கேட்க முடியாது. காசுக்குச் செய்தி போடுவதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று 2015 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையமும் கேட்டுவருகிறது. சட்டம் இன்னும் வரவில்லை.

இதில் மாணவர்களை அதிகம் சீண்டியது பிரஸ் கவுன்சிலின் அறிக்கைதான். 2009 தேர்தலுக்குப் பிறகு பரஞ்சோய் குஹா தாக்குர்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி ஆகிய இருவரைக் கொண்ட துணைக்குழுவை கவுன்சில் அமைத்தது. அவர்கள் விசாரித்து, பத்திரிகைகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். 2010 ஜூலையில் கவுன்சில் வெளியிட்டது பெயர்களற்ற சுருக்கம். முழு அறிக்கை 2011இல்தான், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக, தகவல் ஆணையம் சொன்ன பிறகு வெளியே வந்தது. "தப்புப் பண்ணினவங்க பேரை லீடர் போர்டுல எழுதாம அழிச்ச மாதிரி" என்றான் எங்கள் வகுப்புத் தலைவன். பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலை. நண்பன் பெயரை அவனே அழித்திருக்கிறான் என்று உடனே நாலு பேர் எழுந்தார்கள். பத்திரிகைகளின் தவறைப் பத்திரிகையாளர்களும் உறுப்பினராக இருக்கும் மன்றம் விசாரிப்பதில் உள்ள சங்கடத்தை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

நம் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இயங்கும். தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும். உச்ச நீதிமன்றம் 2004இல் ஒரு தொலைக்காட்சி வழக்கில் இட்ட உத்தரவிலிருந்து வந்த நடைமுறை இது. 2013இல் சமூக ஊடகமும் சேர்ந்தது. நாளிதழில் துண்டுச் செய்தி என்று அந்தக் குழு சந்தேகித்தால் வேட்பாளரிடம் விளக்கம் கேட்டு, உறுதியானால் அதன் மதிப்பை அவர் செலவுக் கணக்கில் ஏற்றுவார்கள். தமிழ்நாட்டில் இப்போதைய உச்சவரம்பு மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம்.

கோடை விடுமுறைப் பணி

2024 ஏப்ரல் 19, முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு முழுதும் வாக்களித்தது. முடிவு ஜூன் 4. நடுவில் 46 நாள். வாக்குக் கணிப்புகளை ஏன் உடனே போடவில்லை என்று கேட்டிருந்தார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை வெளியிடக் கூடாது. எனவே ஜூன் 1 மாலை 6.30 மணி வரை காத்திருங்கள், அன்று வீட்டில் எந்தத் தொலைக்காட்சி ஓடுகிறதோ அதில் வரும் எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள் என்றேன்.

ஜூன் 10 பள்ளி திறந்தபோது அவர்கள் பத்தாம் வகுப்பு. எழுதி வந்தவர்கள் பாதிக்கும் குறைவு, அது எப்போதும் அப்படித்தான். வந்தவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். பெரும்பாலான கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் சொல்லியிருந்தன. கிடைத்தவை 293. எந்தக் கட்சிக்குச் சாதகம் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேரிடம் கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்று அந்தத் தொலைக்காட்சி சொன்னதா என்பதைப் பேசினோம். எண்ணை மட்டும் எழுதி வந்திருந்தார்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று எழுதி வந்தவர் ஒருவரும் இல்லை. திரையில் இருந்ததா, இவர்கள் கவனிக்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த முறை அந்தப் பத்தியையும் அட்டவணையில் சேர்த்துக் கொடுப்பேன்.

சக ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

நாம் அரசு ஊழியர்கள், பெரும்பாலோர் வாக்குச்சாவடி அலுவலர்களும்கூட. நடத்தை விதிகள் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. விதி இல்லாவிட்டாலும், ஒரு குழந்தை தன் அப்பாவின் கட்சியை நாம் கேலி செய்ததாக நினைத்துவிட்டால் அன்றைக்கே நம் பாடம் முடிந்தது. அதனால்தான் பழைய, வெளி மாநில வழக்குகளை எடுத்தேன். நடப்புத் தேர்தலின் வேட்பாளர், சின்னம் எதையும் வகுப்புக்குள் விடுவதில்லை. குழந்தைகளைப் பிரசார வேலை எதிலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5 அன்று கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறது. எனவே கூட்டங்களுக்குப் போய்த் துண்டறிக்கை வாங்கி வா என்று யாரையும் அனுப்பக் கூடாது.

வீட்டுக்குத் தானாக வந்த துண்டறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர், படம், சின்னத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன். தேட வேண்டியது கீழே இருக்கும் ஒரு வரியைத்தான்: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும். 127-ஏ பிரிவின்படி அது இருந்தே ஆக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நாலு ரூபாய்த் துண்டறிக்கைக்குக்கூட யார் பொறுப்பு என்று சட்டம் கேட்கிறது, செல்பேசியில் வரும் அட்டைக்கு யார் கேட்பது என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

செல்பேசிச் செய்திக்கு எங்கள் முறை, மறுபடியும் சந்தையிலிருந்து வந்ததுதான். ஆட்டின் வயதை விற்பவர் சொல்லை வைத்து யாரும் நம்புவதில்லை; வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். இரண்டு பல், நான்கு பல் என்று எண்ணுவார்கள். செய்தி அட்டை வந்தால் முதலில் தேதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பிறகு, யார் சொன்னது என்ற பெயர். அடுத்து, அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே அட்டை இருக்கிறதா என்பது. கடைசிச் சோதனைக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பயன்படுத்தினோம். தேர்தல் தொடர்பானது என்றால் 1950 என்ற உதவி எண் இருக்கிறது. பொய்யையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் தொகுப்பு ஒன்றை ஆணையம் 2024 ஏப்ரலில் தன் இணையதளத்தில் தொடங்கியது. அந்த 350 ரூபாய்ச் செய்தியையே மாதிரிக்குக் கொடுத்தேன். தேதி இல்லை என்பதை ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். அதை 2019இல் குழுவில் போட்டது யார் என்றும் சொன்னேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "டிலீட் பண்ணி இருக்கலாமே சார்" என்றான். பொய் என்று தெரிந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு: அருகிலுள்ள ஒன்றியப் பள்ளியில் என் தோழி நான்காம் வகுப்பில் இதைப் பிஸ்கட் உறையை வைத்துச் செய்தார். ஒரு பக்கம் "மிகவும் சத்தானது" என்று பெரிய எழுத்து. மறுபக்கம் சர்க்கரை எவ்வளவு என்று சிறிய எழுத்து. இதில் எதை யார் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்ற இரண்டே கேள்விகள். பத்து வயதுக்கு அது போதும். தேர்தல் என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

பெற்றோர் குழு இப்போதும் இருக்கிறது. அதில் நான் எதைப் போட்டாலும் கீழே எங்கிருந்து எடுத்தேன், எந்தத் தேதியில் என்று எழுதுகிறேன். செங்கல் சூளைக்குப் போகும் அந்த அம்மாவின் இளைய மகன் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அம்மா குழுவில் இல்லை. சேர்க்கவா என்று கேட்டேன். "வேண்டாங்க சார், ஏதாச்சும் இருந்தா பையன்கிட்டயே சொல்லியனுப்புங்க" என்றார்.

பழைய தாள் சேகரிப்பை ஜனவரியில் தொடங்கப் போகிறேன். இந்த முறை தேநீர்க் கடைக்காரர் ஒருவரையே வகுப்புக்கு அழைத்து, காலையில் கடையில் எந்தப் பக்கம் முதலில் கிழிகிறது என்று கேட்கலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் அனுமதி தந்துவிட்டார்.